லிட்டருக்குப் பத்து

"லிட்டருக்குப் பதினாலு குடுத்த வண்டி, ரெண்டு மாசமா பத்துல வந்து நிக்குது. மிச்சம் நாலு எங்கடா போகுது, வீரணா?"

தேனி பஜாரில் பைப் மொத்த வியாபாரம் பண்ணும் சுந்தர்ராஜ் கேட்டதும், டிரைவர் வீரணன் தலையைச் சொறிந்தான்.

"பழைய வண்டி மொதலாளி..."

"வண்டிதான் பழசு. என் மூளை பழசில்ல."

அந்த டீசல் அம்பாசிடர் அவரிடம் பதினெட்டு வருசமாக இருக்கிறது. மைலேஜ் விஷயத்தில் தன்னை ஏய்க்க ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரணும் என்பது அவர் எண்ணம். டயருக்கு எவ்வளவு காத்து, எப்போது டாப் கியர், மேட்டில் எப்படி மிதிக்கணும் என்று டீக்கடையில் நின்றால்கூடப் பாடம் நடத்திவிடுவார். கேட்கிறவன் சைக்கிளில் வந்தவனாக இருந்தாலும் விடமாட்டார்.

மறுநாளே வண்டி, மெக்கானிக் ஒச்சாண்டியின் பட்டறைக்குப் போனது. டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றிச் சரி பண்ணியாச்சு. ஏர் ஃபில்டர் புதுசு போட்டாச்சு. ஒட்டிக்கொண்டிருந்த பிரேக்கையும் தளர்த்தியாச்சு.

"பேட்டரி செத்துப்போச்சு அண்ணாச்சி. அதையும் மாத்திருவமா?"

"பேட்டரிக்கும் மைலேஜுக்கும் என்னய்யா சம்பந்தம்? வீரணனும் இதே பாட்டத்தான் பாடுறான். ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீகளா?"

செத்த பேட்டரியே திரும்ப வண்டிக்குள் ஏறியது.

டாங்க்கை நிரப்பச் சொல்லி, வழக்கம்போலக் கடை கடையாக ஏறி இறங்கிக் கம்பம் வரை போய் வந்து, மறுபடி நிரப்பிப் பார்த்தார். அதே பத்து!

"வண்டியில கோளாறு இல்ல, ஆளுலதான் கோளாறு" என்றார் மனைவி ஜான்சியிடம். "டீசலை உறிஞ்சி விக்கிறான். திங்கக்கெழமைக்கு வேற டிரைவர் வரச் சொல்லிட்டேன்."

"ஆண்டவரே! மதுரையில உங்களுக்கு நெஞ்சு ஆபரேசன் நடந்தப்ப, பன்னெண்டு நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கெடந்த புள்ளையாச்சே! மூணு மாசத்துல மறந்துட்டீகளா?"

"அதுக்காக டீசலைக் குடிக்கட்டும்னு விட்டுரவா?"

"சரி, சத்தம் போடாதீக. நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக."

"என் நெஞ்சுக்கு என்னடி? கல்லு மாதிரி இருக்கேன். இனிமே எவனாச்சும் நெஞ்சு, ஆபரேசன்னு வாயெடுத்தா நடக்கிறதே வேற!"

வீட்டிலும் கடையிலும் அந்தப் பேச்சை எடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஜான்சி நீட்டிய மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் வண்டி, எஞ்சின் ஓடியபடி தயாராக நின்றது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். எந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் வீரணன் நிழல் பார்த்துத் தள்ளி நிறுத்துவான். இவர் படியிறங்கும்போது வண்டி வந்து நிற்கும். 'திருட்டுப்பயலுக்கு மரியாதையில மட்டும் குறைச்சலில்ல' என்று நினைத்துக்கொண்டே ஏறினார்.

அன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

உத்தமபாளையத்தில் ஒரு கடை முன்னால் இறங்கினார். "அரை மணி நேரமாகும்டா" என்று சொல்லி உள்ளே போனவர், அஞ்சே நிமிசத்தில் பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து வழியாகச் சுற்றி வந்தார்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. கேனும் இல்லை, ட்யூபும் இல்லை. வீரணன் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

சுந்தர்ராஜுக்கு வந்ததே கோபம்!

"அடப்பாவி! நான் கடை கடையா உக்காந்து பேசுற நேரமெல்லாம் இப்படி ஓடவிட்டா, நாலு என்ன, நாப்பதுகூடப் போகும்டா! நீ வித்துத் தின்னிருந்தாக்கூட ஒருத்தன் வயிறு நெறஞ்சிருக்கும். இப்படிப் புகையாவா விடுவ?"

"மொதலாளி, அணைச்சிராதீக..."

அதற்குள் கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"இம்புட்டுதான் வேலை. இதச் செய்ய ஒனக்கு வலிக்குதா? ஏறு, இப்பக் கெளப்பு."

வீரணன் ஏறிச் சாவியைத் திருகினான். 'டிக்' என்றது. இன்னொரு தரம் திருகினான். மறுபடியும் வெறும் 'டிக்'.

"பேட்டரி மொதலாளி..."

"போனாப் போகுது. தள்ளுனா ஓடிட்டுப் போகுது. பதினெட்டு வருசத்துல எத்தன தடவ தள்ளியிருக்கேன்!"

உட்கார்ந்துகொண்டு அடுத்தவனைத் தள்ளச் சொல்வது சுந்தர்ராஜுக்கு என்றைக்கும் பிடிக்காது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"செகண்டுல வச்சிக்க. நான் சொன்னதும் கிளட்சை விடு!"

பதில் இல்லை. கதவு படாரென்று திறந்தது. ஓடிவந்த வீரணன், அவர் கைகளை டிக்கியிலிருந்து பிடுங்கித் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"என்னடா இது? கையை விடுறா!"

"மாட்டேன் மொதலாளி. திங்கக்கெழமை வேற ஆளு வர்றது எனக்கும் தெரியும். வரட்டும். ஆனா இத நீங்க தொடக்கூடாது. காலையில லோடுமேனுகள வச்சுத் தள்ளிக் கெளப்பினா, பொழுதடையிற வரைக்கும் அணைக்காமத்தான் ஓட்டுறேன். டீசல் வீணாப் போறது எனக்கு மட்டும் தெரியாதா?"

"தெரிஞ்சே ஏன்டா செஞ்ச?"

வீரணன் பிடியை விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குக் கை ஒழியவில்லை.

"அணைச்சா தள்ளணும் மொதலாளி. தள்ளணும்னா மொத ஆளா நீங்கதான எறங்குவீக?"