யாருக்கு கில்ட்?

“கில்ட் கட்டிக்க உடம்புல ஸ்காட்லாந்து ரத்தம் ஓடணும், தம்பி. பெல்ஜியத்துக்காரங்க கல்யாணத்துக்கு பேண்ட் போட்டுக்கலாம்” என்றார் ஹெக்டர் ஃப்ளெமிங். ஸ்காட்லாந்தின் பிக்கர் ஊரில் அந்தக் கட்டம் போட்ட பாவாடை இல்லாமல் அவர் ரொட்டி வாங்கக்கூடப் போக மாட்டார்.

மகள் ஐலாவுக்கு முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளையை கில்ட்டில் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை.

மாப்பிள்ளை யோஸ்டுக்குக் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

“ஃப்ளெமிங்னா என்ன சார் அர்த்தம்?”

“எண்ணூறு வருஷத்துப் பேருக்கு அர்த்தம் வேற வேணுமா?”

“ஃப்ளாண்டர்ஸ்காரன்னு அர்த்தம் சார். ஃப்ளாண்டர்ஸ் இப்போ பெல்ஜியத்துல இருக்கு. எங்க பக்கத்துலேருந்து இங்க பொழைக்க வந்தவனை உங்க ஊர்க்காரங்க அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க.”

ஹெக்டர் சிவந்துபோனார். “அப்போ உன் குடும்பப் பேர் என்ன, பெரிய பேரு?” இத்தனை நாளில் அதைக் கேட்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

“ஸ்கோட்ஸ்.”

“அப்படின்னா?”

“ஸ்காட்லாந்துக்காரன். எங்க முன்னோர் யாரோ இங்கேருந்து அங்க பொழைக்கப் போயிருக்கார்.”

ஐலா அப்பாவின் இடுப்பையே பார்த்தாள்.

“கழட்டிக் குடுங்கப்பா. யோஸ்டுக்கு இடுப்புல கொஞ்சம் பிடிச்சா சரியா இருக்கும்.”

“முதல்ல எனக்கு ஒரு பேண்ட் கொண்டா” என்றார் ஹெக்டர்.