சுண்டுவிரல்

எலாதியோ இந்த வருடமும் ஒரு பை ஆரஞ்சோடு நியேவெஸிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். அவள் ஓட்டப்பந்தயத்தை விட்டே பதினைந்து வருடமாகிறது. அதற்கும் முன்பு, மாட்ரிட்டில் நடந்த ஒரு பத்தாயிரம் மீட்டர் பந்தயத்தில், மணியடிக்கும் பொறுப்பிலிருந்த எலாதியோ கடைசிச் சுற்றுக்கான மணியை ஒரு சுற்று முன்னதாகவே அடித்துவிட்டார். முதலாவதாக ஓடிய நியேவெஸ் அந்தச் சுற்றோடு கையை உயர்த்தி நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் அவளைக் கடந்து ஓடிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவரை அதன்பிறகு எந்த மைதானத்திலும் மணியைத் தொட விடவில்லை.

“என்னாலதாம்மா உன் பதக்கம் போச்சு. அந்த மூச்சிரைப்புல எத்தனை சுத்துன்னு யாரால எண்ண முடியும்?”

“விடுங்க, பழைய கதை,” என்றாள் வழக்கம்போல.

அவள் எண்ணியிருந்தாள். கட்டைவிரலில் தொடங்கிச் சுற்றுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே ஓடுவாள். ஐந்து முறை கை மூடினால் இருபத்தைந்து சுற்றும் முடியும். அன்று கால்கள் கல்லாய்க் கனத்தன. முதுகுக்குப் பின்னால் காலடிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. தோற்காமல் நின்றுவிட அந்த மணி ஒரு சாக்கானது.

அவள் மகள் புதிதாகச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தின் முன் எலாதியோ நின்றார். அன்று அவள் ஓட்டத்தை நிறுத்திய கணம். உயர்த்திய கையில் நான்கு விரல்கள் மடங்கியிருந்தன.

“இந்த ஒரு விரல் மட்டும் ஏம்மா நீட்டிக்கிட்டிருக்கு?”

அவள் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தைப் பார்த்தபடியே தன் கையை உயர்த்தி, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினார். சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.