மூக்குக் குழாயின் பெருமை

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போன அருளப்பன், மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பிட்டு வந்தார். அதனால் அந்தக் குழாய்க்குத் தலைகால் புரியாத பெருமை.

"கஞ்சி, பருப்புத் தண்ணி, பால் எல்லாம் என் வழியாத்தான் போகுது. நான் இல்லேன்னா மனுஷன் எலும்பும் தோலுமா ஆகியிருப்பார்" என்று மேசைமேல் சும்மா கிடந்த ஸ்பூனிடம் தினமும் சொல்லும்.

ஸ்பூனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உப்பா இனிப்பான்னு அவருக்கே தெரியாம வயித்துல கொட்டுறே. இதுக்குப் பேரு சாப்பாடா?"

"ருசி பார்க்கவும் உடம்புல தெம்பு வேணும்ல? அதைத்தான் குடுத்துக்கிட்டிருக்கேன்."

ஒருநாள் காலையில் நர்ஸ் பிலோமினா, அருளப்பனை நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியான கேழ்வரகுக் கூழில் அரை ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். புரையேறுமோ என்று அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

"உப்புப் பத்தலை" என்றார் அருளப்பன், குழறலாக.

நாளடைவில் அவர் வயிறார வாயாலேயே சாப்பிடத் தொடங்கியதும், பிலோமினா குழாயை உருவிக் குப்பைக் கூடையில் போட்டார். ஸ்பூனுக்கு மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு செஞ்சதுக்கு இதுதானா உனக்கு மரியாதை?"

கூடைக்குள்ளிருந்து குழாய் சிரித்தது.

"பின்னே? என்னைத் தூக்கி எறியிற அளவுக்கு அந்த மனுஷனைத் தேத்தினது யாருன்னு நினைச்சே?"