வெளுக்காத கட்டம்

“ஆணி இருந்த ஓட்டைகூடத் தெரியக் கூடாது, கண்ணு” என்றார் சென்னியப்பன்.

வீட்டை அலங்கரித்துக் கொடுக்க வந்திருந்த அக்ஷரா சுவரைத் தடவிப் பார்த்தாள். “ஓட்டையை அடைச்சாச்சுங்க சார். அந்தக் கட்டம்தான் மறைய மாட்டேங்குது. இன்னொரு கோட் பெயிண்ட் அடிக்கணும்.”

நான்கு வருடமாக அந்த இடத்தில் மூத்த மகன் தரணீதரன் மாலை போட்ட படமாகத் தொங்கினான். சுற்றிலும் சுவர் வெளுத்துப்போக, படத்துக்குப் பின்னால் மட்டும் பழைய பச்சை அப்படியே நின்றுவிட்டது.

எதிர்வீட்டு முத்தாத்தாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். அவள் வீட்டு வாசலிலேயே கறிவேப்பிலை மரம் நிற்பது வேறு விஷயம்.

“ஏனுங்கண்ணா, ஊடே மாறிப்போச்சுங்களே! ஹால்ல கெடந்த பனியன் மூட்டையெல்லாம் எங்கீங்க?”

“கம்பெனிக்கு அனுப்பிட்டனுங்க அம்மிணி. ஞாயித்துக்கெழமை அவிநாசியிலிருந்து வர்றாங்க.”

அதற்கு மேல் விளக்கம் தெருவுக்குத் தேவைப்படவில்லை. இளைய மகன் சிவபிரகாஷுக்கு முப்பத்திரண்டு முடிந்துவிட்டது. பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துத் தலையாட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்பது இப்போது ஊர் வழக்கம். இந்த வருடம் மட்டும் மூன்று கார்கள் வந்தன. மூன்றும் காப்பி குடித்துவிட்டுப் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி யாருங்க வருவாங்க?” என்றார் சென்னியப்பன். “வர்றவங்க சோபாவுல உக்காந்ததும் எதுத்தாப்புல படந்தான். பாத்த பொறவு பேச்சே எழும்பலீங்க. எழவு ஊடு மாதிரி இருந்தா யாரு என்னத்தப் பேசுவாங்க?”

முப்பது வருடம் சாயப்பட்டறையில் நிறம் பார்த்த மனிதர். ஷேடு கார்டைச் சுவரில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, ட்யூப்லைட்டில் ஒருமுறை பார்த்தார். கப்பலேறும் துணிக்குக்கூட இத்தனை பாடு பட்டிருக்க மாட்டார்.

“சந்தனக் கலருக்கு அடியில இன்னும் பச்சை தெரியுது. அடிக்கச் சொல்லு கண்ணு.”

“சரிங்க சார். ஜன்னலுக்கு வெள்ளைக் காட்டன் திரை போதும். மூலையில ஒரு செடி. டிவி உள்ள போயிரட்டும். வர்றவங்க கண்ணுக்கு அமைதியா இருக்கணும்.”

“ஆமா. இந்த ஹாலுக்குள்ள வர்ற புள்ள தலை நிமுந்து வரோணும்.”

முத்தாத்தாளின் கண் இதற்குள் வாசலோரத்து அட்டைப்பெட்டியைத் துழாவிவிட்டது. உள்ளே அத்தனையும் வெளிறிய சேலைகள். தரணீதரனின் மனைவி கட்டுகிறவை.

“இதெல்லாம் சித்ரகலா சேலையாச்சுங்களே?”

“ஆமாங்க. யாருக்காச்சும் குடுத்துரலாம்னு கட்டி வெச்சோம்.”

முத்தாத்தாளுக்குச் சித்ரகலாவை நினைத்துப் பாவமாக இருந்தது. கூடவே, தெருவுக்குச் சொல்ல ஒன்று கிடைத்ததில் கால் பரபரத்ததும் உண்மை.

“அப்பனாத்தா இல்லாத புள்ளைங்கண்ணா. படத்த எடுத்தீங்க, சரி. அவள எங்கீங்க அனுப்பப் போறீங்க?”

சென்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளறையில் அவர் மனைவி கமலாம்பாள், கழற்றி வைத்த மகனின் படத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் தெருக்கோடிவரை சேதி போய்விட்டது. புது மருமகள் வருவதற்கு முன்னால் பழையவளை வெளியே தள்ளுகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. யாரும் இரவல் கொடுக்காத ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முத்தாத்தாளும் வந்தாள்.

சந்தன நிறச் சுவரில் எந்தக் கட்டமும் இல்லை. வெள்ளைத் திரை மெல்ல அசைந்தது. அவிநாசிக்காரர்கள் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தடவை பேச்சு எழும்பியிருந்தது. காதோரம் நரைத்த ஒருவன் மட்டும் பேசாமல் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அண்ணன் போலிருக்கிறது என்று முத்தாத்தாள் முடிவு கட்டினாள்.

சிவபிரகாஷ் பழைய டீ-சர்ட்டோடு காப்பித் தட்டை ஏந்தி வந்தான்.

“ஏஞ்சாமி, உன்னையே காப்பி தூக்க வெச்சுட்டாங்களா?” என்று சிரித்த முத்தாத்தாள், அவிநாசி அம்மாளிடம் திரும்பினாள். “உங்க பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?”

அந்த அம்மாள் விழித்தாள். சென்னியப்பன் எழுந்தார்.

“அவங்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, அம்மிணி. பொண்ணு ஊடு இதுதானுங்க” என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“சித்ரகலா, வா கண்ணு.”