நெட்சாய் வாங்கிய வளையம்

செத்த பாம்பைத் தூக்குவதுபோல் அந்த வெள்ளை வளையத்தைக் குச்சி நுனியில் மாட்டி மேவிஸ் அத்தையின் முன்னால் நீட்டினான் ஜெகோனியா.

"உங்க அண்ணன் மக துணிப்பெட்டியில இருந்துச்சு அத்தை. எச்.ஐ.வி. வராம இருக்கப் பொம்பளைங்க உள்ளே வெச்சுக்கிறதாம். ஒரே புருஷனோட வாழறவளுக்கு இது எதுக்கு?"

அவன் மனைவி நெட்சாய் பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணத்தைப் பேசி முடித்தவள் மேவிஸ் அத்தை. பஞ்சாயத்துக்கும் அவள்தான் வர வேண்டும். மஸ்விங்கோவிலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவள், வைத்த டீயைத் தொடவில்லை.

"எத்தனை நாளாடி?"

"எட்டு மாசமா அத்தை."

"எட்டு மாசம்! பரிசமா மாடு குடுத்துக் கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் வேலை பாக்குற மாவு மில்லுல தெரிஞ்சா எவன் என்னை ஆம்பளைன்னு மதிப்பான்?"

அத்தை எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். "வாங்க மாப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்கே போவோம். ரெண்டு பேரும் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுங்க. இவ தப்புப் பண்ணியிருந்தா நானே இழுத்துட்டுப் போறேன்."

"ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு அத்தை?" ஜெகோனியாவின் குரல் இறங்கியது. "யார்கூடப் போறான்னு அவ வாயால சொல்லட்டும், போதும்."

நெட்சாய் நிமிரவில்லை. "யார்கூடவும் போகல. சந்தையில தக்காளி விக்கிறவங்க எல்லாம் வாங்கினாங்க, நானும் வாங்கினேன். புத்தி கெட்டுப்போச்சு அத்தை."

"மானத்தை வாங்கிட்டியேடி!" அத்தை அவளை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு, தாய் ஸ்தானத்தில் இருப்பவள், மருமகன் முன்னால் மண்டியிட்டு, மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி இரு கைகளையும் மெல்லத் தட்டினாள். "பொறுத்துக்குங்க மாப்பிள்ளை. எங்க வளர்ப்பு சரியில்ல."

ஜெகோனியாவுக்கு உடம்பு கூசியது. "எழுந்திருங்க அத்தை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு இருவரும் நடந்தார்கள். நெட்சாயின் கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. வெகு தூரம் வந்தபின் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தைகிட்டச் சொன்னதுதானே நிஜம்? வேற காரணம் ஒண்ணுமில்லையே?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"சைக்கிள் பையில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, உங்க எச்.ஐ.வி. மாத்திரை, இன்னும் ரெண்டுதான் மிச்சம். நாளைக்கு மறக்காம வாங்கிடுங்க."