பொட்டலத்துக்குள் ஒரு முத்து

பலசரக்குக் கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி என் கண் முன்னாலேயே புத்தகத்தைக் கிழித்தார்.

ஜப்பான்காரன் சண்டை நடக்கிற காலம், தூத்துக்குடியில் காகிதத்துக்குப் பஞ்சம்தான். அதுக்காகக் கடல் உயிர்களைப் பற்றிய புத்தகத்தையா? படம் போட்ட தாளைச் சர்ரென்று கிழித்து, என் வகுப்பு மாடத்திக்குப் பொரிகடலை மடித்துக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, சரஸ்வதியைக் கிழிக்கீரே, கை கூசலையா? இதே புத்தகம் எங்க பள்ளிக்கூட அலமாரியில இருக்கு. தூசி படாம நான் பூட்டி வச்சிருக்கேன்."

"உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?"

"அரைப்படி துவரம்பருப்பு."

வாழைச்சருகில் கட்டிக் கொடுத்தார். நெஞ்சழுத்தக்காரர்.

மறுநாள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். ஐந்தாம் வகுப்பில் அவர் தேர்ந்தெடுக்கிற ஒரே ஒரு பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இலவசப் படிப்பு. கிடைக்காவிட்டால் மாடத்தி உப்பளத்து வேலைக்குப் போக வேண்டியதுதான். அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"முத்துக்குளிக்கிற ஊர்ப் பிள்ளைகள்தானே? சிப்பிக்குள்ள முத்து எப்படி வருது?"

"மழைத்துளி விழுந்து சார்," வகுப்பே பாடியது. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மாடத்தி எழுந்தாள்.

"இல்ல சார். சிப்பிக்குள்ள புழுவோ தூசியோ புகுந்துட்டா அதுக்கு உறுத்தும். பால் மாதிரி ஒண்ணைச் சுரந்து, அது மேல பூசிப் பூசி மூடிரும். அதுதான் முத்து."

"யாரு சொன்னா?"

"கடலைப் பொட்டலம் சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவள் பேரை எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒண்ணா வந்தது.

சாயங்காலம் கடைக்கு ஓடினேன்.

"மாடத்தி ஜெயிச்சிட்டா அண்ணாச்சி. உம்ம பொட்டலத்தால."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல்.

"ஒருநா பொட்டலத் தாளை நீவிக்கிட்டே வந்து, 'இதுக்கு மிச்சம் எங்க மாமா?'ன்னு கேட்டா. புத்தகமாக் குடுத்தா அவ அப்பன் அடுப்புல போட்டுருவான். பொட்டலத்தை யாரு கேக்கப் போறா? அதான், அவளுக்கு மட்டும் தினம் ஒரு தாளு."

"வரிசை மாறாம எப்படிக் குடுத்தீரு?"

"முன்னால இருந்து கிழிச்சா வரிசை மாறுமா? எனக்கு எழுத்துத்தான் தெரியாது டீச்சர்."

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே, என் இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை மாடத்தி கையில் கொடுத்தேன்.