ஆறு கிலோ

"ஏண்டி முனிலட்சுமி, இந்த முட்டை நாறுது. நீதான் எதைப் போட்டாலும் தின்பியே, இதையும் தின்னு."

கெம்பம்மா தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்து முனிலட்சுமியின் தட்டில் போட்டாள். ஃபேக்டரி கேன்டீன் மேசையில் இருந்த மற்ற ஐந்து பெண்களும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் தங்கள் வடையையும் தள்ளிவிட்டார்கள்.

முனிலட்சுமிக்கு முகம் எரிந்தது. ஆனாலும் தின்றாள். சங்கு ஊத ஏழு நிமிடம்தான் இருந்தது.

பிறவிக் குறையால் அவளுக்கு வலப்பக்க மார்பு வளரவில்லை. இருபத்து மூன்று வயதாகியும் துணியை மடித்து வைத்து மறைத்து வந்தாள். ஓசூரில் இந்த வேலை கிடைத்த பிறகுதான் பெங்களூர் போய் டாக்டரிடம் காட்ட முடிந்தது.

வயிற்றிலும் தொடையிலும் உள்ள கொழுப்பை ஊசியால் உறிஞ்சி எடுத்து மார்பில் வைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் முப்பத்தெட்டு கிலோ உடம்பில் எடுக்க என்ன இருக்கிறது? ஆறு கிலோ ஏற வேண்டும். ஆகஸ்டு பதினெட்டுக்குள். அதன் பிறகு அவர் வெளிநாடு போகிறார், திரும்ப இரண்டு வருடம் ஆகும்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்திக்குத் தெரிந்தால் மூன்று ஷிப்டுக்கும் தெரிந்துவிடும்.

சனிக்கிழமைகளில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, பார்சல் பிரிவின் எடை மேடையில் ஏறுவாள். மே மாதம் நாற்பது. ஜூன் கடைசியில் நாற்பத்தொன்றே கால்.

கெம்பம்மா விடவில்லை. குண்டு உடம்பு, பெரிய வாய். ஒரு நாள் களி கல்லாக இருக்கிறது என்பாள், மறுநாள் தயிர் புளித்துவிட்டது என்பாள். எல்லாம் முனிலட்சுமியின் தட்டுக்கே வரும். குப்பைத்தொட்டி என்று மற்றவர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஜூலையில் ஒரு நாள் பொறுக்காமல் வேறு மேசைக்குப் போனாள். கெம்பம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏன்க்கா என்னை இப்படிப் பண்றீங்க?"

"நாய்க்குப் போடறதை உனக்குப் போடறேன். தின்னு."

கண்ணீரோடு தின்றாள். இனி ஜென்மத்துக்கும் இவளோடு பேச்சில்லை என்று முடிவு செய்தாள்.

ஆகஸ்டு பதினேழு. ஆஸ்பத்திரி எடை மெஷினில் நாற்பத்து நாலு கிலோ, நூறு கிராம். நாளைக்கு ஆபரேஷன் உறுதி என்றாள் நர்ஸ். எழுதிக்கொண்டே சிரித்தாள்.

"பரவாயில்லையே, கெம்பம்மா சொன்ன மாதிரியே ஏத்திட்டாங்க."

முனிலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவங்க எப்படி இங்கே என்று தடுமாறினாள்.

ஏப்ரலில், உடை மாற்றும் அறையில் மடித்த துணியையும் இந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் கெம்பம்மா பார்த்துவிட்டாளாம். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு இவள் வேலையையே விட்டுவிடுவாள் என்று பயந்தாளாம். அடுத்த லீவு நாளிலேயே இங்கே வந்து நின்றாளாம்.

நர்ஸ் பேனாவை மூடினாள்.

"'என் உடம்புல வேண்டிய மட்டும் கிடக்கு, என்னுதை எடுத்து அவளுக்கு வையுங்க'ன்னு டாக்டர்கிட்ட ஒரு மணி நேரம் மன்றாடினாங்க. ஒருத்தர் கொழுப்பு இன்னொருத்தருக்கு ஒட்டாதும்மான்னு அவர் சொன்னப்புறம்தான், 'அப்படின்னா அவளைத் தின்ன வைக்கிறது என் பொறுப்பு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."